அங்கே பத்து, இங்கே எட்டு!

1

"ஐயோ...!"

ஒரே ஒரு அலறல். ஆண் குரல். அதோடு சரி.

மற்ற நாளாக இருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. ஆரணியில் நெசவாளர் தெருவுக்குள் காலை பத்து மணிக்கு நுழைந்து பாருங்கள்... பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. அவ்வளவு தறிச் சத்தம்!

ஆனால் அன்று தை அமாவாசை. 1982 ஜனவரி 25, திங்கட்கிழமை.

அமாவாசை என்றால் தறிக்கு லீவு. நெய்கிறவன் காலை இறக்கி உட்காருகிற தறிக்குழிப் பக்கம்கூட எவனும் போக மாட்டான்.

அதனால் கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது!

சமையற்கட்டில் படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ரங்கம்மாள் அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்புறத் தறிக்கூடத்துக்கு ஓடினாள்.

கதவு திறந்து கிடந்தது.

தறிக்குழிக்குள் அவள் கணவர் சம்பந்தம் மடங்கிக் கிடந்தார். ஐம்பது தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிற சம்பந்தம்! பின்மண்டை தறிக்காலில் மோதிப் பிளந்திருந்தது. பாதி நெய்த கத்தரிப்பூ நிறச் சேலையில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"என்னாங்க... எழுந்திருங்க... என்னாங்க!"

அவர் எழுந்திருக்கவில்லை.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் காத்தவராயன் வந்துவிட்டார். பெரிய மீசை, சின்னக் கண், அதைவிடச் சின்னப் பொறுமை. பிணத்தின் சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு துண்டுச் சீட்டு.

சம்பந்தத்தின் கையெழுத்தில் மூன்றே சொல்.

'துரை. 10 மணி.'

"யாரும்மா துரை?"

"என் தம்பி சார்..." ரங்கம்மாள் விம்மினாள். "சிங்கப்பூர்ல கப்பல் கட்ற கம்பெனில ஃபோர்மேன்."

"இங்க வந்தானா?"

"அவன் எங்க சார் வருவான்? காலைல எட்டு மணிக்குக்கூட அங்கருந்து ஃபோன் பேசினானே!"

"எட்டுன்னு எப்படித் தெரியும்?"

"பேசிகினு இருக்கறப்பவே முனிசிபாலிட்டி சங்கு ஊதுச்சு சார். அவனுக்கே கேட்டுது. 'இன்னாக்கா, எட்டு மணி சங்கா? இங்க கரெக்டா பத்து'ன்னான். சாப்டியாடான்னு கேட்டேன்... லைன் கட்டாயிடுச்சு."

காத்தவராயன் சீட்டை இன்னொரு முறை பார்த்தார்.

எட்டு மணிக்குச் சிங்கப்பூரில் பேசினவன் பத்து மணிக்கு ஆரணித் தறிக்கூடத்தில் நிற்க முடியுமா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அவரிடம் போனதுதான் வம்பாகப் போயிற்று!

2

பெத்தேல் டிராவல்ஸ்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில். பின்னறையில் வீடு. பாஸ்போர்ட் பாரம், விசா, விமான டிக்கெட். உரிமையாளர் கிருபாகரன். வயது நாற்பத்தாறு. எட்டு வருடத்தில் இருநூறு பேரை வானத்தில் ஏற்றி அனுப்பியவர். தான் மட்டும் இதுவரை மீனம்பாக்கம் வாசலைத் தாண்டியதில்லை!

ஆனால் பேச ஆரம்பித்தால்... பைலட் தோற்றான்!

"முடியவே முடியாது சார்!" என்றார் கிருபாகரன், இன்ஸ்பெக்டர் கேள்வியை முடிப்பதற்குள்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன கீது சார்? கண்ணால காட்டறேன், பாருங்க."

மேசை மேல் பெரிய பூகோள உருண்டை. இழுப்பறையிலிருந்து சிவப்புப் பட்டு நூல் ஒன்றை எடுத்தார். ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைத்தார். மறு முனையை மெட்ராஸில் வைத்து இழுத்துப் பிடித்தார். நூலை ஸ்கேலில் வைத்து அளந்தார்.

"ஏழேகால் சென்டிமீட்டர். இந்த உருண்டையில ஒரு சென்டிமீட்டர்னா நானூறு கிலோமீட்டர். ஆக, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்! சாங்கி ஏர்போர்ட்ல ஏறினா மீனம்பாக்கத்துல இறங்க நாலு மணி நேரம். அங்கருந்து ஆரணி ரோட்ல மூணரை மணி. கஸ்டம்ஸ் க்யூவைச் சேர்க்கலை சார். அது கடவுளுக்கே தெரியாது!"

"அப்ப எட்டு மணிக்குப் பேசினவன்..."

"பேசின கையோட ரிசீவரை வெச்சிட்டு ராக்கெட்ல வந்தாத்தான் உண்டு."

காத்தவராயன் சீட்டை நீட்டினார்.

"இதுல பத்து மணின்னு எழுதிக்கீதே?"

கிருபாகரன் படித்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பின்னால் அவர் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டார் தெரியுமா!

"சார்... இது சிங்கப்பூர் மணி!"

"இன்னாது?"

"அங்க பத்துன்னா இங்க எட்டு. எப்பவும் ரெண்டு மணி நேரம் அவன் முன்னாடி. துரை ஃபோன் பண்ற நேரத்தைத்தான் சம்பந்தம் குறிச்சு வெச்சிருக்கார். எழுபத்தெட்டுல துரையை அனுப்பினதே நான்தான் சார். இதே கையால அவன் வாட்சை ரெண்டு மணி நேரம் முன்னாடி திருப்பி வெச்சு பஸ் ஏத்திவிட்டேன்!"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"டெலிபோன் ஆபீஸ்லயும் விசாரிச்சேன். ஆரணிக்கு வர்ற ட்ரங்க் கால் எல்லாம் வேலூர் வழியாத்தானாம். அதுக்கு முந்தி எந்த ஊருன்னு இவங்களுக்குத் தெரியாதாம். சரி... நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பெயருக்குக் கீழே 'விமானப் பயண நிபுணர்' என்று வேறு எழுதினார்.

பட்டியலிலிருந்து துரையின் பெயர் நீங்கியது.

அடுத்த பெயர் எழுந்தது.

தருமன். சம்பந்தத்தின் அந்தத் தறியில் நெய்கிறவன். சனிக்கிழமைதான் சேலையில் கரை கோணிப்போனதென்று சம்பந்தம் அவனைத் தெருவில் வைத்து அறைந்திருந்தார். "இதே தறிக்குழில உன்னைப் போட்டு மூடறேன் பாரு!" என்று இருபது பேர் காதுபடக் கத்தியிருந்தான் தருமன். தறியில் அவன் துண்டு வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

வேறென்ன வேண்டும் போலீசுக்கு!

3

மறுநாள். செவ்வாய். பள்ளிக்கூடங்களில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கிருபாகரன் மாடிப்படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா?"

"பச்சையம்மா. தருமன் சம்சாரம்."

"சாரு... நீங்கதான் கணக்குப் போட்டு சொன்னீங்களாமே?"

"நான்... பிளேன் கணக்குத்தாம்மா சொன்னேன். உன் புருசனைப் பத்தி ஒரு வார்த்தைகூட..."

"நீங்க அந்தத் துரை இல்லன்னு சொன்னதாலதானே சாரு இவரைப் புடிச்சாங்க?"

கிருபாகரன் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

"அமாவாசைக்குத் தறிக்குள்ள என் புருசன் போவாரா? பதினாலு வருசமா ஒரு அமாவாசைக்கும் போனதில்லை சாரு. துண்டு எப்பவும் அங்கேயேதான் தொங்கும். சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு இட்டுகினு போயிடுவாங்களாம். அதுக்கப்புறம் வேலூர் ஜெயிலாம். கொலைக் கேஸாம்..."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

"இன்னொரு தபா அளந்து பாருங்க சாரு. நூலு தப்பா இருக்கப் போவுது."

அளந்தார். அவள் கண்ணெதிரே அளந்தார்.

ஏழேகால் சென்டிமீட்டர்.

"மாறலம்மா..."

பச்சையம்மாள் உருண்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் துரை வந்து இறங்கினான். முந்தின நாள் சாயந்தரம் அவனே மறுபடி ஃபோன் பண்ணியபோது ரங்கம்மாள் விஷயத்தைச் சொல்லி அழுதாளாம். அடுத்த பிளேன் பிடித்து வந்துவிட்டானாம். முப்பத்திரண்டு வயது, கூலிங் கிளாஸ், கையில் பெட்டி. சம்பந்தத்தின் காலில் விழுந்து கதறிய கதறலில் தெருவே அழுதது.

"மணி இன்னா தம்பி, எடுத்துடலாமா?" என்று பாடை கட்டியவர் கேட்டார்.

துரை மணிக்கட்டைப் பார்த்தான்.

"என்து சிங்கப்பூர் டைம்லயே ஓடுதுங்க... மாத்த மனசு வரலை."

பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

எட்ட நின்ற கிருபாகரனும் உச்சுக்கொட்டினார்!

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. தூங்கவும் இல்லை.

4

புதன். காலை ஏழேகால்.

"இன்னாங்க, எழுந்து காபியாவது குடிங்க." மனைவி சூசைமேரி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்க மொகத்தைப் பாக்க எனக்கே பேஜாராக் கீது."

"நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டேன் மேரி."

"கணக்கு சரிதானே?"

"சரிதான். அதான் பயமாக் கீது. கணக்கு சரி, மனசு மட்டும் தப்பு தப்புங்குது."

"மனசு கெடக்கட்டும். இந்தக் கட்டு பிரிக்காம மூணு வாரமாத் தூங்குது. வேணுமா, அலமாரில விரிச்சுடட்டுமா?"

பழுப்பு உறை. மெட்ராஸிலிருந்து தபாலில் வந்தது. புது வருட விமான கால அட்டவணை.

"பழசு இருக்கே... விரி, விரி."

சர்ரென்று கிழித்தாள். முதல் பக்கத்தோடு பிங்க் நிறத்தில் ஒரு தாள் நழுவிக் கீழே விழுந்தது.

கிருபாகரன் சும்மாதான் குனிந்தார். சும்மாதான் படித்தார்.

படித்த வாய் மூடவில்லை!

'ஏஜெண்டுகள் கவனத்துக்கு. ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் கடிகாரம் அரை மணி முன்னுக்கு நகர்த்தப்பட்டுள்ளது. இந்திய நேரத்துடன் வித்தியாசம் இனி இரண்டரை மணி.'

"மேரி... மேரி!"

"இன்னா ஆச்சு? நெஞ்சு வலியா?"

"இங்க எட்டுன்னா அங்க பத்து இல்லடி... பத்தரை!"

"அதுக்கு?"

"துரை 'இங்க கரெக்டா பத்து'ன்னான். சிங்கப்பூர்ல இருக்கறவன் எப்படிடி அப்படிச் சொல்வான்? மூணு வாரமா அங்க சுவத்துல இருக்கற ஒவ்வொரு கடிகாரமும் வேற மணி காட்டுதே! அவன் அங்க இல்ல மேரி... டிசம்பரோட கெளம்பி வந்தவன் அவன்!"

சூசைமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்ப அந்தச் சீட்டு...?"

"பத்து மணின்னு எழுதினது நம்ம பத்து மணி. இருந்த ஒரே சாட்சியை நான் சிரிச்சிகினே கொன்னுட்டேன்!"

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் உக்காந்துட்டீங்க? போங்க, ஜல்தி!"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன் மேரி. நிபுணர்னு வேற எழுதினேன். ஊரே காறித் துப்பும். அந்த ரங்கம்மா... நேத்துதான் புருசனைக் கொளுத்தினா. இன்னிக்குத் தம்பியையும் நான் புடிச்சுக் குடுக்கறதா?"

"அந்தப் பச்சையம்மா தெனம் வந்து உங்க படில உக்காந்தா தாங்குவீங்களா?"

தாங்க முடியாது. அது அவருக்கே தெரியும்.

சட்டையை மாட்டினார். பிங்க் தாளை மடித்துப் பையில் வைத்தார். படியிறங்கி ஓடினார்.

5

ஏழு ஐம்பத்தைந்து. ரங்கம்மாள் வீட்டு முன்கூடம்.

துரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எதிரே இட்லித் தட்டு, தொடப்படாமல் இருந்தது. இரண்டு நாளாக எதுவும் இறங்கவில்லை அவனுக்கு.

"சும்மா ஒரு பேச்சுதான் தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர் காத்தவராயன். பின்னால் வியர்த்து வழிய கிருபாகரன்.

"கேளுங்க சார்."

"நேத்து எத்தனை மணிக்கு ஏறின?"

"சாங்கில ஆறு மணிக்கு சார். மெட்ராஸ்ல எட்டுக்கு இறங்கினேன்."

"ரெண்டு மணி நேரத்துல வந்துடுச்சா?"

"இல்ல சார். நாலு மணி நேரம். ரெண்டு மணி நேரம் நேர வித்தியாசத்துல போயிடும். கிருபா சாருக்கே தெரியுமே!"

கிருபாகரன் முன்னால் வந்தார்.

"தெரியும் துரை. போன மாசம் வரைக்கும் தெரியும்."

பிங்க் தாளைப் பிரித்து வாசித்தார். துரையின் முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்தான்!

"ஆங்... ஆமா சார். அரை மணி மாத்தினாங்க. பழக்க தோசம்... வாய் தவறிப் பத்துன்னுட்டேன்."

"சரிதான்..." என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை போய்விட்டது. கிருபாகரனைத் திரும்பி முறைத்தார். மறுபடியுமா, என்கிற முறைப்பு!

அப்போதுதான் ஊதியது.

ஊஊஊ...!

முனிசிபாலிட்டி சங்கு. எட்டு மணி!

கிருபாகரனின் பார்வை துரையின் மணிக்கட்டில் போய் நின்றது. எழுபத்தெட்டில் அவரே திருப்பி வைத்த அதே வாட்ச். அதே இரண்டு மணி நேரம்.

"துரை... உன் வாட்ச்ல மணி என்னப்பா?"

"ஏன் சார்?"

"சிங்கப்பூர் டைம்லயே ஓடுதுன்னியே. என்ன மணி?"

துரை பார்த்தான். இன்னொரு கையால் வாட்சை மூடினான்.

இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்துத் திருப்பினார்.

பத்து!

"வாய் தவறலாம்ப்பா." கிருபாகரனுக்குக் கண் கலங்கியது. "வாட்ச் எப்படித் தவறும்? இருபத்தஞ்சு நாளு அரை மணி லேட்டா ஓடற வாட்சைக் கட்டிகினா கப்பல் கம்பெனிக்கு வேலைக்குப் போன? ஒரு நாள் உள்ள விட்டிருப்பானா?"

"பாஸ்போர்ட்டை எடு," என்றார் காத்தவராயன்.

துரை எடுக்கவில்லை. அவரே பெட்டியைத் திறந்து எடுத்தார். புரட்டினார். மீனம்பாக்கம் முத்திரை பளிச்சென்று இருந்தது.

18 டிசம்பர் 1981.

"ஒரு மாசத்துக்கு மேல எங்கடா இருந்த?"

"வேலூர்ல... லாட்ஜ்ல." துரையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஃபோர்மேன்லாம் இல்ல சார். வெல்டர்தான். அடிதடில வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அக்கா மொகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு. அங்கருந்தே சிங்கப்பூர் மாதிரி ஃபோன் பண்ணிகினு இருந்தேன். ஜரிகை வாங்க வந்த மாமா பாத்துட்டார். அமாவாசைக்குப் பத்து மணிக்குத் தறிக்கூடத்துக்கு வா, எவனும் இருக்க மாட்டான், பேசிக்கலாம்னார்."

"அப்ப அந்த எட்டு மணி ஃபோன்?"

"அவர் அக்காகிட்ட சொன்னாலும் அக்கா நம்பக்கூடாதுன்னு சார். கொலை பண்ற எண்ணமே இல்ல. பேசிட்டு பஸ் ஏறி வந்தேன்."

"உன்னை அடிச்சாரா?"

"அடிச்சிருந்தாப் பரவால்லையே சார்!" துரை முகத்தில் அறைந்துகொண்டு அழுதான். "தோள்ல கை போட்டார். 'வெக்கப்படாதடா, உங்கக்காகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்'னார். அதுதான் தாங்கல. விடுங்கன்னு ஒரு தள்ளு... ஒரே தள்ளு சார்... குழிக்குள்ள..."

வாசற்படியில் ஏதோ விழுந்து உருண்டது. காபி டம்ளர்.

ரங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

"சாப்டியாடான்னு கேட்டேனேடா..." என்றாள். அவ்வளவுதான்.

துரை அவள் பக்கம் திரும்பவில்லை. கிருபாகரனைப் பார்த்தான்.

"அந்தத் தருமன் லாக்கப்ல இருக்கான்னு கேட்டதுலருந்து செத்துகினு இருந்தேன் சார். ரெண்டு தபா ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன். ரெண்டு மணி நேரம் முன்னாடின்னு நீங்க திருப்பி வெச்சீங்க. இந்த வாட்சை நான் மாத்தவே இல்ல. மாறினா ஒரு கார்டு போடக் கூடாதா சார்?"

கிருபாகரனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தக் கார்டைத்தான் அவர் மூன்று வாரமாகப் பிரிக்காமலே வைத்திருந்தார்!

விலங்கு மாட்டினார்கள்.

கான்ஸ்டபிள் சைக்கிளில் பறந்தார். ஒன்பது மணிக்குத் தருமன் ஸ்டேஷன் படியிறங்கினான். பச்சையம்மாள் அவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போகிற போக்கில் பெத்தேல் டிராவல்ஸ் மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாளாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ரங்கம்மாள் வீட்டு வாசலில் கிருபாகரன் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சுடுங்க சார். என்னால ஒருத்தன் ரெண்டு நாள் உள்ள இருந்துட்டான்."

"மன்னிப்பெல்லாம் அந்தம்மாகிட்ட கேளுங்க." காத்தவராயன் தொப்பியை மாட்டினார். "இப்ப ஸ்டேஷனுக்கு வாங்க. நீங்க குடுத்த ஸ்டேட்மெண்டைக் கிழிச்சுப் போட்டுட்டு புதுசா ஒண்ணு எழுதணும். இந்தத் தபா நிபுணர், கிபுணர் ஒண்ணும் வேணாம்."

"நடந்தே போயிடலாம் சார். இங்கருந்து ஸ்டேஷன் ஒரு அஞ்சு நிமி..."

சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார் இன்ஸ்பெக்டர்.

"எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு மட்டும் நீங்க வாயைத் தொறக்காதீங்க சார்... அதை நான் ரிக்ஷாக்காரனைக் கேட்டுக்கறேன்!"